வீட்டில் இருக்கும் குரலை மேடைக்குக் கொண்டுபோக: பேசப் போகிறவர்களுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

எங்கள் பக்கத்தில் கதைப்பது வேறு, பேசுவது வேறு. அம்மா கதைத்தால் அது சாதாரண உரையாடல். அம்மா பேசினால் வீட்டில் யாரோ நன்றாக வாங்கிக் கட்டுகிறார்கள் என்று பொருள். பேச்சுப் போட்டிக்கு மேடையேறும் பிள்ளைகள் இந்தப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டார்களோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். "மதிப்புக்குரிய நடுவர்களே" தொடங்கி "நன்றி, வணக்கம்" வரைக்கும் ஒரே ஏச்சு. பெரியவர்கள் இன்னொரு பக்கம். கோயில் திருவிழாவில், மாதர் சங்கக் கூட்டத்தில், பரிசளிப்பு விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்ததும் குரல் ஒரே உயரத்தில் கட்டையாகி நின்றுவிடும்.

எங்கள் திரியாய் பெரிய ஊரல்ல. திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி தாண்டி, புல்மோட்டைக்கு இந்தப் பக்கம், வயலும் காடும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற இடம். இங்கே பேச்சுப் பயிற்சி வகுப்பு என்று எதுவும் தேவையில்லை. தேவையானதெல்லாம் குசினியிலும் முற்றத்திலும் வயல் வரம்பிலும் கிடக்கிறது. முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் கத்தித் தொண்டையைப் பழுதாக்கிக்கொண்ட ஒரு ரீச்சர் சொல்கிறேன், கேளுங்கள்.

1. முதலில் உங்களிடம் எத்தனை குரல் இருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க எண்ணிப் பாருங்கள். விடிய எழும்பிப் பிள்ளையை எழுப்புகிற குரல், மீன்காரரிடம் விலை பேசுகிற குரல், வரம்பின் அந்தப் பக்கம் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரல், தொட்டில் ஆட்டுகிற குரல், வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்காவிடம் ரகசியம் சொல்கிற குரல், கனடாவில் இருக்கிற மகனோடு போனில் கதைக்கிற குரல், செத்த வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்கிற குரல். ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பத்துக்குக் குறையாது. மேடையில் இவற்றில் எத்தனை உங்களோடு ஏறியது என்று அதற்குக் கீழே எழுதுங்கள்.

2. "ஓம்" என்ற ஒரே சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து விளையாடிப் பாருங்கள். சம்மதிக்கிற ஓம், கேள்வியாகக் கேட்கிற ஓம், நம்பாத ஓம், "சரி, விடு" என்று அலுத்துக்கொள்கிற ஓம், திடீரென்று ஞாபகம் வந்த ஓம், கேலியான ஓமோம். எழுத்து ஒன்றுதான். பொருளை மாற்றுவது குரலின் ஏற்றமும் இறக்கமும் நீளமும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது, சிரித்துக்கொண்டே படிப்பார்கள்.

3. இந்தக் குரல் ஏற்ற இறக்கம் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் நன்னூலைக் காட்டுங்கள். ஓர் எழுத்தே எடுத்தல், படுத்தல், நலிதல் என்ற முயற்சி வேறுபாட்டால் சற்றுச் சற்று மாறி ஒலிக்கும் என்று பவணந்தியார் எழுத்தியலிலேயே சொல்லிவிட்டார். எடுத்தல் உயர்த்திச் சொல்வது, படுத்தல் தாழ்த்திச் சொல்வது, நலிதல் இரண்டுக்கும் இடைப்பட்டது. மேடைக்கு இந்த மூன்றும் போதும்.

பயிற்சிக்கு ஒரு வசனம்: "நேற்று எங்கள் வயலுக்குள் யானை வந்தது." ஐந்து சொல். ஒவ்வொரு முறையும் வேறொரு சொல்லை எடுத்துச் சொல்லுங்கள், மற்றவற்றைப் படுத்துங்கள். "நேற்று" எடுத்தால் இன்றைக்கு அல்ல. "எங்கள்" எடுத்தால் அடுத்தவருடைய வயல் அல்ல, இழப்பு எங்களுக்கு. "வயலுக்குள்" எடுத்தால் வேலியோடு நிற்கவில்லை. "யானை" எடுத்தால் பன்றி என்று நினைத்தவருக்குப் பதில். "வந்தது" எடுத்தால் வரவில்லை என்று சொன்ன அதிகாரிக்கு மறுப்பு. எழுத்தில் இதற்கு "தான்" ஒட்டுவோம். நல்ல பேச்சாளருக்கு "தான்" அதிகம் தேவைப்படாது.

4. தமிழில் பேசுகிறவர்களுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. வசனத்தின் முடிவில் மூச்சு தீர்ந்துபோகும். எங்கள் மொழியில் வினை கடைசியில் வரும், "இல்லை" என்பதும் அந்த வினையோடு ஒட்டிக் கடைசியில்தான் வரும். "எங்கள் ஊர் ஆட்களுக்கு இதுவரை காணி உறுதி தரப்படவில்லை" என்பதில் உயிர் கடைசி மூன்று எழுத்தில் இருக்கிறது. மூச்சில்லாமல் "தரப்பட..." என்று விழுங்கினால் கேட்கிறவருக்குத் தந்தார்களா, தரவில்லையா என்பதே தெரியாது. ஒரு கூட்டத்தில் ஓர் ஐயா பத்து நிமிடம் உருக்கமாகப் பேசி முடிக்க, பின்வரிசையில் இருந்தவர் என்னிடம், "அப்ப பிரச்சினை முடிஞ்சுதாம், என்ன?" என்று கேட்டார்.

வழி இரண்டு. வசனத்தைச் சிறிதாக்குங்கள்: "வந்து, இருந்து, பார்த்து, சொல்லி" என்று எச்சத்தின் மேல் எச்சம் அடுக்கிக்கொண்டு போகாமல் இரண்டாவதிலேயே வெட்டி முற்றுப்புள்ளி வையுங்கள். அடுத்தது, பயிற்சியின்போது ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் இரண்டு தரம் சொல்லிப் பழகுங்கள். "தரப்படவில்லை, தரப்படவில்லை." ஒரு வாரம் இப்படிப் பழகினால் மேடையில் ஒரு தரம் சொல்லும்போது அது தானாகவே நிமிர்ந்து நிற்கும். இந்தக் குறிப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் எனக்குக் கவலையில்லை.

5. மூச்சு வயிற்றிலிருந்து வர வேண்டும். தொல்காப்பியப் பிறப்பியலும் காற்று உந்தியிலிருந்து எழுந்து வருவதாகத்தான் தொடங்கி, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடத்தைச் சொல்கிறது. பாயில் மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் பஞ்சாங்கத்தை வையுங்கள். மூச்சு இழுக்கும்போது பஞ்சாங்கம் எழும்ப வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். நெஞ்சும் தோளும் எழும்பினால் பிழை. தேங்காய் வைத்துப் பார்க்க வேண்டாம், உருண்டுபோகும்.

6. அடுப்பு ஊதுகிறவர்களுக்கு மூச்சை அளந்து விடுவது நன்றாகத் தெரியும். ஒரேயடியாக ஊதினால் சாம்பல் கண்ணுக்குள் வரும். மெல்ல, ஒரே சீராக, நீளமாக ஊதினால் கொள்ளி பற்றும். அதேபோல "ஸ்" என்ற ஒலியை ஒரே சீராக விட்டுக்கொண்டு மனதுக்குள் எண்ணுங்கள். முதல் நாள் எத்தனை வந்தது, பத்தாம் நாள் எத்தனை வந்தது என்று கலண்டரில் குறித்து வையுங்கள்.

7. நிறுத்தம். குரல் வேறுபாட்டில் மிக மலிவானதும் மிக வலியதும் இதுதான். ஆனால் யாரும் செய்வதில்லை, பயம். மேடையில் ஒரு விநாடி மௌனம் பேசுகிறவருக்கு ஒரு நிமிடமாகத் தெரியும்.

மாத்திரைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணிமைப்பு அல்லது ஒரு கைநொடி ஒரு மாத்திரை. பழைய பள்ளிக்கூடக் கணக்குப்படி காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு. எழுதி வைத்த பேச்சில் அந்தப் புள்ளிகளைச் சிவப்புப் பேனையால் பெரிதாக்கி, விரலை நொடித்துக்கொண்டு வாசியுங்கள். முற்றுப்புள்ளிக்கு நான்கு நொடிப்பு என்றால் முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். முன்னால் இருக்கிற பாட்டி தலையாட்டுவதற்கு அந்த நேரம் வேண்டும்.

8. ஒலிபெருக்கி இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் தேதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்போது அவருக்கு 25 வயது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தது. கோயில் மண்டபத்தில் கூடியிருந்த சனத்துக்கு வெறும் தொண்டையால் கேட்க வைப்பதென்றால் மூச்சு, நிறுத்தம், திருத்தமான உச்சரிப்பு மூன்றும் இல்லாமல் முடியாது. நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவரும் அவரே. மூன்றாம் குறிப்பில் சொன்ன எடுத்தல் படுத்தலைப் புத்தகத்தோடு விட்டிருக்க மாட்டார் என்பது என் துணிபு. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த "நாவலர்" பட்டமே பிறகு அவருக்குப் பெயராகிவிட்டது.

9. திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கர்களைத் தெரு நீளத்துக்கு மரத்துக்கு மரம் கட்டுவார்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். சந்தியில் நிற்கிற ஒருவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரில் கேட்ட சொல், 340 மீற்றர் தள்ளியிருக்கிற ஸ்பீக்கரிலிருந்து ஒரு விநாடி பிந்தி இன்னொரு தரம் வரும். வேகமாகப் பேசினால் முதல் சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிச் சனம் ஒன்றும் விளங்காமல் இருக்கும். இந்த இடத்தில் குரலைக் கூட்டுவது உதவாது. வேகத்தைக் குறையுங்கள், இடைவெளி விடுங்கள்.

10. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்க வேண்டாம். நாலு விரல் தூரம் சரி. குரலை உயர்த்தப் போகிறீர்களென்றால் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், தாழ்த்தும்போது கிட்டக் கொண்டுவாருங்கள். பாடகர்கள் இதைத்தான் செய்கிறார்கள். மைக்கில் ஊதிப் பார்க்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

11. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெளியில் பேசுவதென்றால் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து சனத்தை நோக்கி வீசுகிற மாதிரி மேடையைப் போடச் சொல்லுங்கள். பந்தல் போடுகிற தம்பிமாரிடம் முதல் நாளே சொன்னால் செய்வார்கள்.

12. தொண்டைக்கு என்ன குடிக்கலாம்? எல்லோரும் கேட்கிற கேள்வி. உள்ளதைச் சொல்கிறேன்: நீங்கள் குடிப்பது எதுவும் குரல்நாண்களில் நேரே படுவதில்லை. உணவு போகிற குழாய் வேறு, காற்றுப் போகிற குழாய் வேறு. அதனால் மேடைக்கு ஏறும்போது ஒரு மிடறு தேன் குடித்துக் குரலை இனிமையாக்கலாம் என்பது வெறும் நம்பிக்கை. உடம்பில் நீர் போதுமான அளவு இருந்தால் குரல்நாண்கள் தாமாகவே ஈரமாக இருக்கும். ஆகவே பின்னேரம் பேச்சென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடியுங்கள். கொத்தமல்லி அவித்த தண்ணி, இஞ்சி போட்ட பிளேன்டீ, பனங்கட்டியோடு சுடுதண்ணி எல்லாம் நல்லதுதான்: தொண்டைக்கு இதம், மனதுக்குத் தைரியம். சுடுதண்ணி ஆவி பிடித்தால் அது மட்டும் குரல்நாண்வரை போகும்.

தொண்டை கட்டியிருக்கும்போது குசுகுசுவென்று கதைத்தால் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்க வேண்டாம், அதுவும் பாரந்தான். வாயை மூடியிருப்பதே ஓய்வு. அடிக்கடி செருமுவதையும் விடுங்கள். ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்கினால் அதே வேலை நடக்கும். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் கைமருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். நான் போகாமல் ஒரு தவணை முழுக்கச் சமாளித்தேன். அதன் பலன் இன்றைக்கும் கேட்கிறது.

13. தொல்காப்பியம் சொல்லும் மெய்ப்பாடு எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒரு சாதாரண வசனத்தை எடுங்கள். "தேங்காய் துருவி வைத்திருக்கிறேன்" போதும். எட்டுச் சீட்டில் எட்டையும் எழுதிக் குலுக்கிப் போட்டு, எடுத்த சீட்டுப்படி அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெகுளி எல்லோருக்கும் வரும். பெருமிதமும் இளிவரலும் வருவதுதான் கடினம். எங்கள் மேடைகளில் வெகுளி ஒன்றே எட்டின் வேலையையும் பார்ப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

14. முக்கியமான இடத்தில் குரலை உயர்த்த வேண்டுமென்று யார் சொன்னது? தாழ்த்திப் பாருங்கள். பிள்ளை செய்த பிழையைச் சத்தம் போட்டுக் கண்டிக்கிற அம்மாவைவிட, வேலையை நிறுத்திவிட்டு மெல்ல "இங்க வா" என்று கூப்பிடுகிற அம்மாவுக்குத்தான் பிள்ளைகள் பயம். தந்தை செல்வா மேடையை அதிர வைக்கிற பேச்சாளர் அல்லர். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோயினால் அவர் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. கூட்டம் அதைக் கேட்பதற்காக அடங்கியிருந்தது. 1977இல் திருகோணமலையிலிருந்து நாடாளுமன்றம் போன இரா. சம்பந்தன் அவர்களும் அப்படித்தான்: ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வைப்பார். அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் விடலாம். அவர் பேச்சுக்கு நடுவில் யாரும் எழும்பிப் போனதை நான் காணவில்லை. அதே மேடைக் காலத்தில் மட்டக்களப்பில் செ. இராசதுரை "சொல்லின் செல்வர்" என்று பெயரெடுத்தவர். மெல்லப் பேசுகிறவரையும் முழங்குகிறவரையும் ஒரே சனம் கேட்டுக்கொண்டிருந்தது.

15. "என் குரல் நல்லதில்லை" என்று ஒதுங்க வேண்டாம். அறிஞர் அண்ணாவின் குரல் கரகரத்த குரல். அந்தக் கரகரப்போடுதான் தமிழ்நாட்டின் பெரிய பேச்சாளர் என்று பெயரெடுத்தார். பெண்களுக்கு ஒரு சொல்: ஆணின் குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் நூறிலிருந்து நூற்றிருபது தரம் அதிரும், பெண்ணின் குரல்நாண்கள் சுமார் இருநூறு தரம். அதனால் மேடையில் எங்கள் குரல் மெல்லியதாகக் கேட்கும், அது இயற்கை. மார்கரெட் தட்சர் பயிற்சி எடுத்துத் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டார் என்று இங்கிலாந்தில் பெரிய கதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. குரலை ஆணுடையதாக்கத் தேவையில்லை. பதற்றத்தில் தொண்டை இறுகி இன்னும் மேலே ஏறுகிறதே, அதைத் தளர்த்தினால் போதும். மேடையேறுமுன் இரண்டு தரம் வாய் பிளந்து கொட்டாவி விடுங்கள், யாரும் பார்க்காத இடத்தில்.

16. கிரேக்க நாட்டு டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகியதாகவும், கடலிரைச்சலுக்கு மேலால் குரலை எழுப்பியதாகவும் பழைய நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். கல் வேண்டாம், விழுங்கிவிடுவீர்கள். கடற்கரை நல்லது. ஆனால் அலையோடு போட்டி போட்டுக் கத்துவதற்கல்ல. அலை உடைகிறபோது நிறுத்தி, அது பின்வாங்குகிறபோது பேசுங்கள். கைதட்டலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் பேசப் பழக இதைவிட நல்ல வழி இல்லை. சனம் சிரித்து முடிக்குமுன் அடுத்த வசனத்தைத் தொடங்கி அதை வீணாக்குகிறவர்கள் எத்தனை பேர்!

17. உச்சரிப்புக்கும் வேகத்துக்கும் இலங்கை வானொலியில் இரண்டு ஆசான்கள் இருந்தார்கள். பி.எச். அப்துல் ஹமீத் ஒரு வசனம் சொன்னால் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக நிற்கும். கே.எஸ். ராஜா வேகமாக ஓடுவார், ஆனால் ஓர் எழுத்தும் நசுங்காது. தமிழ்நாட்டிலும் அந்தக் குரல்களைத் தேடிக் கேட்டார்கள். பழைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடக்கின்றன. ஒரு நிமிடத்தை எடுத்து, ஒரு வசனம் அவர், ஒரு வசனம் நீங்கள் என்று மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். அவரைப் போலவே பேச வேண்டுமென்பதற்கல்ல, உங்கள் ழகரம் எங்கே தொலைந்தது என்று தெரிந்துகொள்ள.

18. உங்கள் பேச்சைப் போனில் பதிந்து, போனை அறைக்குள் வைத்து ஒலிக்க விட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து கேளுங்கள். சொல் விளங்காது, ராகம் மட்டும் வரும். அது இலையான் ரீங்காரம் மாதிரி ஒரே கோட்டில் போனால் இன்னும் பழக வேண்டும். வீட்டில் நாலு பேர் கதைப்பதை அதே கதவுக்கு வெளியே நின்று கேட்டுப் பாருங்கள், எத்தனை மேடு பள்ளம்!

19. அவை வணக்கத்தைச் சுருக்குங்கள். எங்கள் விழாக்களில் "அவர்களே, அவர்களே" என்று பதினைந்து பேரை ஒரே மெட்டில் அடுக்குவார்கள். பதினாறாவது ஆளில் பேச்சுத் தொடங்கும்போது சனத்தின் காது ஏற்கெனவே மூடிப்போயிருக்கும். தலைவர், பிரதம விருந்தினர், "எல்லோருக்கும்" என்று மூன்றோடு முடியுங்கள். பெயர் விட்டுப்போனதென்று கோபிக்கிறவர்களுக்கு நன்றியுரையில் இடம் கொடுங்கள். நன்றியுரை இரண்டு நிமிடம்; அதற்கு மேல் ஒரு குறிப்பும் இல்லை.

20. அந்தியேட்டி நாளில் கல்வெட்டுப் படிக்கும்போதும் இரங்கல் உரை சொல்லும்போதும் குரலை நடுங்க வைத்து அழுகையை வரவழைக்க வேண்டாம். அழுகை வீட்டுக்காரருடையது. நீங்கள் சற்றுத் தாழ்ந்த, சீரான குரலில், செத்தவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். எந்த வருடம், எந்தக் குளத்துக் கட்டு, யாருடைய கலியாணம் என்று விவரமாகச் சொல்லுங்கள். பிறகு நிறுத்துங்கள். ஒப்பாரி சொல்கிற பெரியம்மாமார் இதை எப்படிச் செய்கிறார்களென்று கவனித்திருக்கிறீர்களா? வரியின் தொடக்கத்தில் உயர்ந்து, முடிவில் படிப்படியாக இறங்கி, மூச்செடுக்க ஓர் இடைவெளி. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

21. இனி எங்கள் ஊருக்கு மிகவும் வேண்டியது. 1985இல் வீடுகள் எரிந்து, ஊர் முழுக்க இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பி வந்த சனம் நாங்கள். காணி, வயல், குளம் என்று ஏதாவது ஒரு கூட்டத்தில் எழும்பிப் பேச வேண்டியிருக்கிறது. பிரதேச செயலகத்திலோ கச்சேரியிலோ எதிரே இருக்கிற அதிகாரிக்குச் சில நேரம் தமிழ் தெரியாது; நடுவில் ஒருவர் சிங்களத்தில் சொல்லுவார். அங்கே திருவிழாக் குரல் எடுபடாது. நான் பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

இரண்டு வசனம் சொல்லி நிறுத்துங்கள். மொழிபெயர்க்கிறவரைப் பார்க்காமல் அதிகாரியைப் பாருங்கள், ஏனென்றால் சொல் விளங்காதவருக்கும் குரல் விளங்கும். கோபமிருந்தால் முதல் வசனத்தில் அல்ல, கடைசி வசனத்தில், அதுவும் தாழ்ந்த குரலில் வையுங்கள். முதலிலேயே கத்தினால் உங்கள் கோபம்தான் கூட்டக் குறிப்பில் பதியும், கோரிக்கை பதியாது. எண்களை மிக மெதுவாகச் சொல்லுங்கள்: எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு அனுமதிப்பத்திரம், எத்தனை குடும்பம். ஒவ்வோர் எண்ணுக்குப் பிறகும் எழுதிக்கொள்கிறார்களா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு முறை ஒரு மாமி எழும்பி, கையில் பழைய பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, "மகன், இது என்ர அப்பாவின்ர கையெழுத்து" என்று மட்டும் சொல்லி நிறுத்தினா. அதற்கு முன் பேசிய ஆறு பேரும் முக்கால் மணித்தியாலம் முழங்கியிருந்தார்கள். அறை அமைதியானது மாமிக்குத்தான். தன் பேரனுக்கு எதையோ காட்டுகிற குரல் அது.

22. கிருபானந்த வாரியார் சுவாமிகள் சொற்பொழிவின் நடுவில் பாட்டுப் பாடுவார், முன்னால் உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளைகளிடம் கேள்வி கேட்பார், சரியாகச் சொன்னால் பரிசும் கொடுப்பார். பிள்ளையின் மெல்லிய குரல் ஒன்று நடுவில் வந்ததும் மூன்று மணித்தியாலம் கேட்டுக் களைத்த காதும் நிமிரும். வேறுபாடு முழுவதும் உங்கள் தொண்டையிலிருந்தே வர வேண்டுமென்று சட்டமில்லை.

23. பாட வராதவர்கள் மேடையில் பாட வேண்டாம்.

24. தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார்படுத்துகிற பெற்றோருக்கும் ரீச்சர்மாருக்கும்: பேச்சை எழுதிக் கொடுத்து, "இந்த இடத்தில் வலக்கையைத் தூக்கு, இந்த இடத்தில் கத்து" என்று கயிறு கட்டி ஆட்டாதீர்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். ஒரு வருடம் ஒரு சின்னப் பிள்ளை நடுவில் வசனம் மறந்து நின்றுவிட்டு, கையை மட்டும் சரியான நேரத்தில் தூக்கினா. சபை சிரித்தது. பிள்ளை அழுதது. பிழை என்னுடையது.

அடுத்த வருடத்திலிருந்து வேறு மாதிரிச் செய்தோம். தலைப்பு என்னவோ, அதை முதலில் அம்மம்மாவுக்குக் கதையாகச் சொல்லச் சொல்வேன். அம்மம்மா இடைக்கிடை "பிறகு?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கதை சொல்கிற குரலைப் போனில் பதிந்து, அந்த ஏற்ற இறக்கத்தை மேடைப் பேச்சுக்குள் வைத்துக்கொள்வோம். எல்லாப் பிள்ளைகளும் பரிசு வாங்கவில்லை. நடுவர்களில் பலருக்கு இன்னும் முழக்கம்தான் பேச்சு. ஆனால் அழுதுகொண்டு இறங்கிய பிள்ளை அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

25. உங்கள் பேச்சு எப்படி இருந்ததென்று முன்வரிசையில் இருந்த விருந்தினர்களிடம் கேட்காதீர்கள்; "நல்லாயிருந்தது" என்பார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர்களிடம் கேளுங்கள். கோப்பைச் சத்தத்துக்கு நடுவில் அவர்களுக்கு எந்த வசனம் ஞாபகமிருக்கிறதோ, அதை எப்படிச் சொன்னீர்களென்று குறித்து வையுங்கள். திருவிழாக் காலத்தில் நானும் அந்தத் தேத்தண்ணி மேசையோடுதான் நிற்பேன். வந்து கேளுங்கள், உள்ளதைச் சொல்லுகிறேன்.